கொம்பு வண்டியின் பின்பாரம்

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை கிடங்கில் ஒரு ஆளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

எட்டு வருடமாக இந்தச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். யாரோடும் வாய்ச்சண்டைகூடப் போட்டதில்லை. ஊரில் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அங்கே ஏழுமலை என்றால் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன். பிழைக்க வந்த இடத்தில் கோபத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுத்தான் காலம் தள்ளவேண்டியிருக்கிறது. அன்று அது தானாகவே இறங்கி வந்துவிட்டது.

போர்க்லிப்ட் என்பது முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி. பெட்டிக்கு அடியில் கொம்பை விட்டுத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கும். செங்கல்பட்டில் நாங்கள் அதைக் கொம்பு வண்டி என்றுதான் சொல்வோம். முன்னால் எடை தூக்குகிறபோது குப்புற விழாமல் இருக்க, பின்னால் பெரிய இரும்புக் கட்டி ஒன்றை வைத்தே அதைச் செய்திருப்பார்கள்.

அன்று பக்கத்து வரிசையில் ஒருவர் தன் வண்டியின் சக்திக்கு மீறிய பெட்டியைத் தூக்கினார். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. கீழே நின்ற நம் தமிழ் ஆட்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பின்னால் தொற்றி ஏறினார்கள். வண்டி மட்டத்துக்கு வந்தது. நான் என் வண்டியை அணைத்துவிட்டு ஓடினேன். ஒருவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கையை ஓங்கினேன்.

"எறங்குடா! கால் வோணுமா வோணாமா உனுக்கு? இன்னா சிரிப்பு சிரிச்சிகினு கீற?"

அவன் மிரண்டுபோனான். எட்டு வருடமாகப் பேசாத பேச்சு என் வாயிலிருந்து வந்ததில் நானும் மிரண்டுபோனேன்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி மிஸ்டர் டான் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டினார். போர்க்லிப்ட் வேலையில் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும், மொத்தம் பன்னிரண்டு. "உங்கள் ஆட்களுக்குத் தமிழில் எழுதிக் கொடு. வெறுமனே மொழிபெயர்க்காதே, அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுது. நேற்று நீ கத்தியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது" என்றார்.

2

எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். சாப்பாட்டு மேசையில்தான் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி மல்லிகா இங்கேயே பிறந்தவள், என் தாய்மாமன் மகள். அவள் இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். ஏழு வயது மகள் சுமதி எதிரே உட்கார்ந்து, தாளில் ஒட்டுவதற்குப் படம் போட்டாள்.

முதல் கேள்விகள் சுலபமாக நடந்தன. சரக்கு உயரமாக இருந்து முன்னால் தெரியாவிட்டால் என்ன செய்வது? திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டு. சரக்கோடு போகும்போது கொம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும்? தரையிலிருந்து ஒரு சாண். தூக்கிய கொம்புக்குக் கீழே நடக்கலாமா? கொம்பு வெறுமனே இருந்தாலும் நடக்காதே. வண்டியைவிட்டு இறங்கும்போது? கொம்பைத் தரையில் வை, சாவியை எடு, பிறகு இறங்கு.

சைகை பற்றிய கேள்வியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்த முதல் வாரம், மேற்பார்வையாளர் கீழேயிருந்து "ஓகேயா?" என்று கேட்டார். ஓகே என்று சொல்லத்தான் தலையை ஆட்டினேன், நம் ஊர் ஆட்டலாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள், கப்பல் அரை நாள் காத்திருந்தது. அதனால் தமிழ்த் தாளில் இங்கிலீஷில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: தலையை ஆட்டாதே, கையைக் காட்டு.

"உங்க ஊர்க்காரங்களுக்கு இது ஒண்ணே போதும்" என்றாள் மல்லிகா. அவளுக்கு என் ஊர் என்றாலே கேலிதான். காலைச் சாப்பாட்டை நான் நாஸ்தா என்பேன், அவள் பசியாறல் என்பாள். எட்டு வருடமாகியும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி வந்தது. மல்லிகா படித்தாள்: "பாரம் அதிகமாகிப் பின்சக்கரம் தூக்கினால், ஆட்களைப் பின்னால் ஏற்றி நிறுத்தலாமா?"

பதில் ஒரே சொல், கூடாது. அதை எழுதக் கை வரவில்லை. வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதே கேள்விக்கு "கூடாது" என்ற கட்டத்தில் சரியாகக் குறி போட்டு வந்திருக்கிறேன். குறி போடுவது வேறு. ஏன் கூடாது என்று நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது வேறு.

3

ஏன் என்று எழுதவேண்டுமானால் செங்கல்பட்டு ரயில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிடங்கிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒரு காண்ட்ராக்டரின் கிடங்கு அது. கடற்கரையோரம் பெரிய பெரிய கட்டட வேலைகள் தொடங்கிய சமயம். சிமெண்டும் குழாயும் மோட்டாரும் ரயிலில் வந்து இறங்கும், லாரியில் ஏறிப் போகும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கட்டுமரம் தள்ள முடியாது. அப்போது நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கே மூட்டை தூக்கப் போவோம்.

மெட்ராஸ் துறைமுகத்தில் ஓட்டித் தள்ளிய பழைய போர்க்லிப்ட் ஒன்றைக் காண்ட்ராக்டர் வாங்கி வந்து நிறுத்தினார். லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். இந்த வண்டி முன்சக்கரத்தில் திரும்பாது, பின்சக்கரத்தில் திரும்பும். அவர்கள் திருப்பினால் வண்டியின் பின்புறம் சுழன்று போய்ச் சுவரை இடிக்கும். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அது புதிதாகவே படவில்லை. கட்டுமரத்தில் பின்னால் நிற்கிறவன்தானே துடுப்பைப் போட்டு மரத்தைத் திருப்புகிறான்? பின்னால் தள்ளினால் முன்னால் திரும்பும். நான் ஏறி உட்கார்ந்து கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"மச்சான் மரம் ஓட்டிகினு வராண்டா!" என்று கத்தினான் தேசிங்கு.

தேசிங்கு என் தங்கை அஞ்சலையின் புருஷன். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவனுக்கு நானும் மச்சான், எனக்கு அவனும் மச்சான். குப்பத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கிற குரல் அவனுக்கு.

எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு இருக்கும். எங்கள் வண்டியில் அந்தத் தகட்டின்மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. ஆகவே தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒரு நாள் பம்பு மோட்டார் ஒன்றைத் தூக்கினேன். பின்சக்கரம் எழும்பியது. மேஸ்திரி ஓ என்று அலறினார். அந்த அலறல் முடிவதற்குள் தேசிங்கும் இன்னும் இரண்டு பேரும் வண்டியின் பின்னால் ஏறி நின்றுவிட்டார்கள்.

யாரும் அவர்களை ஏறச் சொல்லவில்லை. மரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் போவதற்கு எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யோசித்துவிட்டுப் போகிறவன் தண்ணீரில் கிடப்பான். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். அதை அப்படியே கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

மேஸ்திரி கை தட்டினார். அன்றிலிருந்து அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. பின்பாரம் என்று பெயரும் வைத்தோம். பெரிய பெட்டி வந்தால் "பின்பாரம் ஏறு!" என்று குரல் கொடுப்பேன். தேசிங்கு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி நின்று, இரும்பில் தாளம் தட்டிக்கொண்டே வருவான். லாரிக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பயம், எங்களுக்குப் பயமில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. கடலில் தவறி விழுந்தால் கீழே தண்ணீர், நீந்தி வந்து மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளலாம். கிடங்கில் கீழே இருந்தது சிமெண்டுத் தரை. அந்த வித்தியாசம் எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

4

அன்று தேசிங்கு பின்பாரத்தில் இல்லை. சிமெண்டு மூட்டைகள்மேல் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தான். மரப்பெட்டிக்குள் ஏதோ இயந்திரம், நீளமான பெட்டி. ஏற்கெனவே இரண்டு பேர் பின்னால் நின்றும் சக்கரம் தரையில் பாவவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

"மச்சான், நீயும் வந்து ஏறு!"

"தோ, ரெண்டு மடக்கு கீது மச்சான், குட்ச்சிட்டு வரேன்."

"அப்பால குடிக்கலாம் வா! லாரி நின்னுகினு கீது."

அவன் டீ கிளாஸை மூட்டைமேல் வைத்துவிட்டு வந்து ஏறினான். வண்டி மட்டமானது, நகர்த்தினேன். வாசலுக்குக் குறுக்கே ஒரு சாக்கடை, அதன்மேல் கல் மூடி. முன்சக்கரம் ஏறியதும் கல் உடைந்தது. பெட்டி கொம்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. முன்னால் பாரம் போனதும், எழும்பத் துடித்துக்கொண்டிருந்த பின்புறம் அத்தனை கனத்தோடும் தரையில் வந்து மோதியது. மற்ற இருவரும் தூரப் போய் விழுந்தார்கள். தேசிங்கு அங்கேயே விழுந்தான். இடது கால் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. சாயங்காலம் நான் கிடங்குக்குத் திரும்பி வந்தபோது டீ கிளாஸ் வைத்தபடியே மூட்டைமேல் இருந்தது.

5

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டி ஓட்ட யார் சொல்லிக்கொடுத்தது? எவ்வளவு எடை என்று தெரியுமா? கடைசியில் கேட்டார்: "அந்த ஆளை ஏறச் சொன்னது யார்?"

அப்போது என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடியாமல் இருந்தது. சிங்கப்பூரில் மாமன் மகளோடு கல்யாணம் பேசி முடித்தாயிற்று. என்மேல் ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் வராது, கல்யாணமும் இல்லை, கப்பலும் இல்லை. இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"யாரும் சொல்லல சார். அவுரே ஏறிட்டாரு. நான் முன்னால பாத்துகினு இருந்தேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். கட்டிலில் கிடந்த தேசிங்கிடம் அதே கேள்வியைக் கேட்டார். வராந்தாவில் நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கவேண்டும். அவன் அதிகாரியைத் தாண்டி என் முகத்தைப் பார்த்தான்.

"நானாத்தான் சார் ஏறினேன். எவனும் கூப்புடல."

இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போயின. விசாரணை முடிந்தது. மூன்று மாதத்தில் பாஸ்போர்ட் வந்தது, மெட்ராஸில் கப்பல் ஏறினேன்.

கால் போனதைவிட அவனுக்கு நான் செய்த பெரிய கெடுதல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அவன் தானாகவே ஏறினான் என்று ஊர் நம்பியது. கொழுப்பெடுத்து ஏறினான், வித்தை காட்டப் போய்க் காலை விட்டான் என்று பேசியது. அஞ்சலையே நம்பினாள். கோபம் வரும்போதெல்லாம் "எவனும் கூப்புடாம நீ இன்னாத்துக்குப் போய் எகிறிக் குந்தின?" என்று அவனைத்தான் கேட்பாள். அம்மா செத்ததற்கு நான் ஒரு தடவை ஊருக்குப் போனேன். என் எதிரிலேயே அப்படிக் கேட்டாள். தேசிங்கு கட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "வுடு, ஆனது ஆய்ப்போச்சி" என்றான். என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், எளச்சிட்ட? அங்க சோறு போடறாங்களா இல்லியா?" என்று கேட்டான். நான் பத்து நாள் இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

இங்கே ஒவ்வொரு வருடமும் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க ஒரு படிவம் நிரப்பவேண்டும். உன்மேல் ஏதாவது வழக்கு இருந்ததா என்று ஒரு கேள்வி. இல்லை என்றுதான் எழுதுகிறேன். பொய் இல்லை. எழுதிவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசப் பிடிக்காமல் இருப்பேன்.

6

சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் கேள்வியில் நின்றுகொண்டிருக்க, சுமதி அதற்குப் படம் போட்டு முடித்துவிட்டாள். ஒரு கொம்பு வண்டி, பின்னால் மூன்று பேர். மூன்று பேர் வாயிலும் சிரிப்பு வரைந்திருந்தாள்.

"ஏன் சிரிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"ரைடு போறாங்கப்பா. ஜாலியா இருக்கும்ல?"

அவள் கடலை இந்த மாடியின் ஜன்னலிலிருந்து பார்க்கிறவள். மீன் பனிக்கட்டியிலிருந்து வருகிறது என்று நினைப்பவள். கட்டுமரம் என்றால் என்னவென்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. பேச்சை ஊர்ப் பக்கம் திருப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்ற பயம்தான். பிள்ளை தமிழைவிட்டுப் போகிறாள் என்று வருத்தப்படுகிறவர்களில் நானும் ஒருவன். அவளைப் பாதி விரட்டியது நான்தான்.

சித்திரக் கதைப் புத்தகங்களில் ஆட்கள் பேசுவதை வட்டம் போட்டு எழுதுவார்களே, அதுபோல ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் "கம் அப்!" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். வட்டத்தின் வால் மட்டும் இன்னும் போடவில்லை. பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இந்த பலூன் யாரு வாயில போடணும்? இவங்கள ஏறச் சொன்னது யாரு?"

வராந்தாவில் கேட்ட அதே கேள்வி. கேட்டவளுக்கு ஏழு வயது. இவளிடமும் அதே பதிலைச் சொன்னால் இனி எந்த ஜென்மத்திலும் வேறு பதில் சொல்லமாட்டேன் என்று பட்டது.

"டிரைவர் வாயில போடு" என்றேன்.

"டிரைவர் கெட்டவரா?"

"டிரைவர் அப்பாதான்மா."

மல்லிகா கையிலிருந்த இங்கிலீஷ் தாளை மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், டீ கிளாஸ் உட்பட. சுமதி பாதியில் அம்மா மடியில் சாய்ந்துகொண்டாள். மல்லிகா மகளை நன்றாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்காகப் பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை நான் சுமக்கமாட்டேன். இதை எங்கிட்ட மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க, தேசிங்கு அண்ணனுக்கு எழுதுங்க."

அன்று ஒன்பதாம் கேள்விக்குப் பதில் எழுதினேன். கூடாது என்பதோடு நிறுத்தவில்லை. பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் பலம் அதிகமாகாது, உன் கண்ணுக்குத்தான் அதிகமானதுபோலத் தெரியும், முன்னால் சரக்கு நழுவினால் மொத்த இரும்பும் உன்மேல் வரும், சக்கரம் எழும்பினால் சரக்கை இறக்கு, பெரிய வண்டியைக் கூப்பிடு, ஆளைக் கூப்பிடாதே என்று எழுதினேன். எழுதிய தாளில் ஒரு பிரதியையும் ஒரு கடிதத்தையும் தேசிங்கின் பெயருக்கு அனுப்பினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது வரை படித்த அஞ்சலைதான் அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அது தெரிந்துதான் அனுப்பினேன்.

7

பதில் வர மூன்று வாரமாயிற்று. அத்தனை நாளும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பென்சிலில் எழுதிய அஞ்சலையின் கடிதம் அப்படியே இது:

"அண்ணாவுக்கு. உன் கடுதாசிய அவருக்குப் படிச்சிகினே வந்தேன். நீ கூப்பிட்டன்ற எடம் வந்ததும் நிறுத்திட்டேன். மேல படின்னாரு. எனக்குத் தெரியாததா, படின்னாரு. ரெண்டு நாள் உன்ன வாயில வந்தபடி திட்டினேன். மெய்யாலுமே நீ எதிர்ல இருந்திருந்தா தொடப்பத்தாலயே சாத்தியிருப்பேன். மூணாம் நாள் அவர் காலண்ட குந்தி அழுதேன். எட்டு வருசமா நான் கேட்ட கேள்விய ஒரு தபாகூட எங்கண்ணன் தலையில தள்ளலியே அந்த மனுசன். இப்ப கரையில மீன் ஏலம் அவர்தான் கூவுறாரு. அந்தக் கொரலு அப்படியே கீது. உன் தாள மூணு தபா படிக்கச் சொல்லிக் கேட்டாரு. நல்லாத்தான் எழுதிக்கீறான், ஆனா ஒரு கேள்வி கொறையுதுன்னாரு. சேத்துக்கச் சொல்லி எழுதுன்னாரு. எழுதறேன்."

அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது:

"கேள்வி: வண்டி ஓட்றவன் சொந்த மச்சானா இருந்து கூப்பிட்டா ஏறலாமா? பதில்: அப்பவும் ஏறாத. குடிச்சிகினு கீற டீய முழுசா குடி."

தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடிக்குப் போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் என்னை மன்னித்தானா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

அதைப் பதிமூன்றாவது கேள்வியாகச் சேர்த்துக் கொடுத்தேன். மிஸ்டர் டான் இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மச்சான் எதற்கு? டீ எதற்கு?" என்றார். எங்கள் ஆட்களுக்கு இது வேண்டும் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்தத் தாள் கிடங்கு வாசலில் ஒட்டியிருக்கிறது, சுமதியின் படத்தோடு. புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. பன்னிரண்டு கேள்விகளுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதிமூன்றாவது வந்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருக்கிறேன். பிறகு, என் மச்சானுக்கு ஒரு கால் இல்லை என்று சொல்கிறேன். கூப்பிட்டவன் நான் என்றும் சொல்கிறேன்.